முகாமில் பிறந்த குழந்தை எந்த நாட்டுக் குழந்தை?

 இந்த நினைவுச் சொற்பொழிவில், வெள்ளக்கடைக் காப்பி மலையில் நின்று, கடல் தாண்டிய தேயிலை மலையைப் பேசுகிறேன். அங்கே கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள், தலித்துகள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். தொழிலாளியை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தில் வந்தவர் 'தாயகம் திரும்பியவர்'. 1983க்குப் பிறகு உயிருக்குப் பயந்து வந்தவர் 'அகதி'. ஒரே லயத்து அண்ணன் தம்பியாகவும் இருக்கலாம்.

இன்று அகதித் தம்பதிக்கு முகாமில் பிள்ளை பிறந்தால்? சட்டம் பிறந்த தேதியைத்தான் முதலில் பார்க்கும். 1.7.1987க்கு முன் என்றால் இந்த மண்ணில் பிறந்ததே போதும். அதன்பின் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். 3.12.2004 முதல், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொன்னது மதுரைக் கிளை, 2022இல். 1988இல் அதே முகாமில் பிறந்தவருக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. 2019 திருத்தமோ இலங்கையைச் சேர்க்கவே இல்லை.

பிறப்புச் சான்றிதழ் குடியுரிமை தராது. ஆனாலும் உடனே வாங்குங்கள், தேதியும் இடமும் அதில்தான் இருக்கின்றன. பெற்றோர் இலங்கைக் குடிமக்கள் என்றால், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையைப் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற வழியுண்டு. பதிந்தால் இங்கே உரிமை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தைக் கேலி செய்யாதீர்கள். மாணவத் தோழர்களே, முகாமுக்குப் போனால் பாட்டியின் தகரப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலத்து இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று அடியில் கிடக்கலாம்.