வயது வந்தோரும் கணக்குப் பாடமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவிலே இசையையும் இலக்கியத்தையும் பற்றிப் பேசக் கற்றறிந்த பெரியோர் பலர் வந்திருக்கின்றனர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் என்னைக் கணக்கைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். கணக்கு என்றவுடன் குழந்தைகளின் பரீட்சை நினைவுக்கு வரலாம். நான் பேச வந்ததோ, நம்மைப் போன்ற வயது வந்தவர்களின் கணக்கைப் பற்றியே.

தமிழ் மக்கள் கணக்கில் பின்தங்கியவர்கள் அல்லர். திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். இருபதில் ஒரு பங்கை மா என்றும், எண்பதில் ஒரு பங்கைக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒரு பங்கை முந்திரி என்றும் வழங்கினார்கள். காரி நாயனார் கணக்கதிகாரம் என்று ஒரு நூலே இயற்றினார். அத்தகைய மரபில் வந்த நாம், இன்று பின்னம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் அதை வெளியே சொல்லக் கூசுகிறார். கணக்குத் தெரியாதவரோ, "எனக்குக் கணக்கு வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார். அந்தச் சிரிப்புக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று.

ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒருவர் ஆண்டுக்கு 12 சதவிகித வட்டிக்கு 12,000 ரூபாய் கடன் பெறுகிறார். 12 மாதத் தவணை. கடன் கொடுப்பவர் முழுத் தொகைக்கும் ஓராண்டு வட்டி போட்டு 1,440 ரூபாய் என்கிறார். கேட்பவரும் சரியென்று கையெழுத்திடுகிறார். ஆனால், மாதந்தோறும் அசலில் 1,000 ரூபாய் திரும்பச் செலுத்தப்படுகிறதல்லவா? முதல் மாதம் அவர் கையில் இருப்பது 12,000; அடுத்த மாதம் 11,000; கடைசி மாதத்தில் 1,000 மட்டுமே. இவற்றையெல்லாம் கூட்டினால் 78,000. மாதம் நூற்றுக்கு ஒன்று வீதம் இதற்கு வட்டி 780 ரூபாய்தான். இரண்டிற்கும் பெயர் 12 சதவிகிதமே. வேறுபாடோ 660 ரூபாய்! கூட்டலும் சதவிகிதமும் அன்றி இதில் வேறு வித்தை ஒன்றுமில்லை.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன் வாங்குவோருக்கு, எல்லாச் செலவும் அடங்கிய ஆண்டுச் சதவிகிதத்தைக் குறித்த விவர அறிக்கை ஒன்றைத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஆணையிட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் புதிய கடன்களுக்கு அது நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், சதவிகிதம் இன்னதென்று அறியாதவர் கையில் அந்தத் தாள் இருந்தும் என்ன பயன்?

"இந்த வயதில் எந்தப் பள்ளிக்குப் போவது?" என்று கேட்பீர்கள். போகவேண்டியதில்லை, பள்ளியே நம் கைபேசிக்குள் வந்துவிட்டது, அதுவும் கட்டணமின்றி. தமிழ்நாட்டு அரசின் பள்ளிப் பாடநூல்கள் தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களையும் இணையத்தில் காணலாம். நாக்பூரில் வாழும் நமக்கு இவை பெரிய துணை. கடைக்காரர் 'டேட் சௌ' என்றால் அதை நூற்றைம்பது என்று மாற்றி, மனத்துக்குள் தமிழில்தானே நம்மில் பலர் கூட்டுகிறோம்? வாய்ப்பாடு படித்த மொழியில் கணக்கை மீண்டும் தொடங்குவதே எளிது.

மத்திய அரசு 2017-இல் தொடங்கிய தீக்ஷா தளத்தில் பல மொழிகளில் பாடங்கள் உள்ளன. ஆங்கிலம் அறிந்தோர்க்கு, அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2008-இல் நிறுவிய கான் அகாடமி உண்டு. உறவினர் பெண்ணொருத்திக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முயற்சி அப்படி வளர்ந்தது. எண்ணுதல் முதல் உயர்கணிதம் வரை அங்கே படிப்படியாகப் பயிலலாம். தவறான விடை எழுதினால் வழியைக் காட்டும். எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. பள்ளிக்கே செல்லாத 15 வயதுக்கு மேற்பட்டோருக்காக, எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் உல்லாஸ் திட்டம் 2022 முதல் 2027 வரை வகுக்கப்பட்டுள்ளது. அதில் கற்பிப்போர் தொண்டர்களே.

கற்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. நான்காம் வகுப்பிலிருந்து தொடங்க வெட்கப்பட வேண்டாம். அடித்தளம் உறுதியாக இருந்தால்தான் மேல்மாடி நிற்கும். வாய்ப்பாடு, வகுத்தல், பின்னம், தசமம், சதவிகிதம், வட்டி என்ற வரிசையிலே செல்லலாம். காணொளியைப் பார்த்துத் தலையசைப்பது படிப்பாகாது. தாளும் பேனாவும் கையில் வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி போதும். கற்றதை அன்றே மின்கட்டண ரசீதிலும், சீட்டுக் கணக்கிலும் சோதித்துப் பாருங்கள். கடையில் 20 சதவிகிதத் தள்ளுபடியும், அதன்மேல் 10 சதவிகிதமும் என்றால் மொத்தம் 30 அன்று, 28 தான் என்பது அப்போது தானே விளங்கும். இன்னொன்று: இலவசப் பாடம் என்று சொல்லி வங்கிக் கணக்கு விவரம் கேட்கும் இடத்திற்குள் நுழையாதீர்கள். கற்பதற்கு அது தேவையே இல்லை.

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இது. நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான தமிழ்வழிக் கணக்குப் புத்தகங்களை அச்செடுத்து நம் நூலகத்தில் வைப்போம். ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கென ஒதுக்குவோம். தெரிந்தவர் சொல்லட்டும், தெரியாதவர் கூச்சமின்றிக் கேட்கட்டும். ஊரை விட்டு வந்து உழைத்து ஈட்டும் பொருள், கணக்கு அறியாத காரணத்தால் கைநழுவிப் போகலாகாது. துறைத் தேர்வு எழுதவிருக்கும் தோழர்களுக்கும், வீட்டு வரவுசெலவைத் தாங்கும் தாய்மார்களுக்கும் இதைவிடப் பயனுள்ள பணி வேறு ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.