அடிமரத்தில் ஒரு தளிர்



மார்கழி பிறந்துவிட்டால், தமிழர் குடியிருப்பு தில்லியிலாகட்டும், மும்பையிலாகட்டும், விடியற்காலையில் ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து திருப்பாவை ஒலிக்கக் கேட்கலாம். அதே விடியலில் அடுத்த வீட்டில் வேறொரு நூல் திறக்கப்படுவதும் உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரங்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நாள்தோறும் படிக்கும் திருநூல் வாசகங்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

இக்காலத்தை நம் முன்னோர் ஆகமன காலம் என்றனர். இன்று திருவருகைக் காலம் என்று வழங்குகிறது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்கு இரண்டு சொற்களுமே இனியவைதாம். நவம்பர் 30ஆம் நாள் வரும் அந்திரேயா திருநாளுக்கு மிக அண்மையிலுள்ள ஞாயிறன்று இது தொடங்கும். பழைய கத்தோலிக்கத் தமிழில் அந்திரேயாவுக்குப் பெலவேந்திரர் என்று பெயர். அந்தக் கம்பீரம் புதிய பெயரில் இல்லை என்பது எங்கள் குறை, அது நிற்க.

ஒரு காலத்தில் இவ்வாரங்களின் கிழமை நாள்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனி வாசகங்கள் கிடையா. ஞாயிறன்று படித்ததே திரும்ப வரும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாக 1969ஆம் ஆண்டு வெளிவந்த வாசக ஒழுங்கே ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பகுதியை வகுத்தது. தொடக்கத்தில் எசாயா இறைவாக்கினர் நம்மோடு வருகிறார். முதல் வாரத்துச் செவ்வாயன்று அவர் காட்டும் காட்சி, வெட்டுண்ட அடிமரம் ஒன்றில் தளிர் விடுவது. மரம் செழித்து நிற்கையில் தளிரைக் காட்டியிருந்தால் அதில் வியப்பொன்றும் இல்லை. வெட்டியான பிறகு காட்டுகிறார். அங்கேதான் அவர் இறைவாக்கினர்.

டிசம்பர் 17ஆம் நாள் வாசகத்தின் போக்கே மாறிவிடுகிறது. அன்றைய நற்செய்தி மத்தேயுவின் முதல் அதிகாரத்திலுள்ள தலைமுறைப் பட்டியல். ஆபிரகாமில் தொடங்கிப் பதினான்கு பதினான்காக மூன்று வரிசை, பெயர்களன்றி வேறில்லை. வாசிப்பவர் அஞ்சுவதும் கேட்பவர் கொட்டாவி விடுவதும் அன்றுதான். ஆயினும் சற்றே நின்று பார்த்தால், அரசர்களுக்கிடையே தாமார் இருக்கிறாள், இராகாபு இருக்கிறாள், மோவாபு நாட்டிலிருந்து மாமியாரைப் பிரிய மனமின்றிப் பின்தொடர்ந்து வந்த ரூத்தும் இருக்கிறாள். வேற்றூரில் கதிர் பொறுக்கிப் பிழைத்த பெண்ணின் பெயர் வம்சப் பட்டியலில் ஏறியிருப்பது, பிழைப்பைத் தேடி வந்த நமக்குச் சிறிய செய்தியன்று.

எங்கள் வீட்டில் இவ்வாசகங்களை உரக்கப் படித்து வந்தவர் தந்தையார். அவர் மறைந்த ஆண்டின் திருவருகைக் காலத்தில் அந்நூலை நாங்கள் தொடவேயில்லை. தவிர்க்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அவர் இருந்த இடத்தில் உட்கார எவருக்கும் மனம் வரவில்லை. இத்தனைக்கும், டிசம்பர் 19ஆம் நாளுக்குரியது செக்கரியாவின் கதை. வானதூதர் சொன்னதை நம்பாத முதியவர் பேச்சிழந்து ஆலயத்தினின்று வெளிவருகிறார். பிள்ளை பிறந்து பெயரிடும் நாள்வரை அந்த வாய் திறக்கவில்லை. 23ஆம் நாள் வாசகத்தில் எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, குழந்தையின் பெயரை அவர் எழுதிக் காட்டுகிறார். நாவின் கட்டு அவிழ்கிறது. ஆண்டு முழுதும் சொற்களோடு மல்லாடும் எங்களுக்கு அந்த ஓராண்டு மௌனத்திற்கு ஒரு சொல் கிட்டவில்லை.

மறு ஆண்டு நூலைத் திறந்தவள் எங்கள் மகள். தில்லியில் பிறந்தவள், பள்ளியில் தமிழ் இல்லை, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் தற்செயலாகத் திறந்தது 17ஆம் நாள். அம்மினதாபு என்ற பெயரில் தடுக்கி, செருபாபேலில் அறவே நின்றுவிட்டாள். தொலைபேசியில் ஊரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி விடவில்லை. கண்பார்வை மங்கிவிட்டதால் இப்போது அவரால் படிக்க இயலாது. ஆனால் தந்தையார் ஆண்டுதோறும் படித்ததைக் கேட்டுக் கேட்டுப் பட்டியல் நினைவில் நின்றிருந்தது. அங்கிருந்து ஒரு பெயர், இங்கிருந்து ஒரு பெயர் என்று இறுதிவரை வந்துவிட்டனர். இறுதியில் மட்டும் ஒரு பூசல். நூலில் யோசேப்பு என்றிருந்தது. பாட்டியோ சூசையப்பர் என்பதே சரி என்றார். அரசு மொழிபெயர்ப்பாளரின் தீர்ப்பு கோரப்பட்டது.

1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் கூடி உருவாக்கியது. அதனாற்றான் பெயர்கள் பொதுவாயின என்று விளக்கினோம். பாட்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உங்க அப்பா சூசையப்பர்னுதான் வாசிப்பார்" என்றார்.

இவ்வாண்டும் 17ஆம் நாள் முறை மகளுடையதே. செருபாபேலை இப்போதே ஒத்திகை பார்த்து வருகிறாள். யோசேப்பு வரும் இடத்தில் பென்சிலால் சிறியதாக ஏதோ எழுதி வைத்திருக்கிறாள், நாங்கள் அழிக்கவில்லை.