80 நாளும் 24,000 ஆண்டும்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நீரிழிவைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது குப்பையைப் பற்றி. அணுமின் நிலையத்துக் குப்பை.

தைரொயிட் புற்றுநோய்க்கு நாங்கள் அயடீன்-131 கொடுக்கிறோம். அதன் அரைவாழ்வுக் காலம் 8 நாள். விஞ்ஞானப் பாடத்தில் படித்தோமே, 8 நாளுக்கொருமுறை அதன் கதிர்த்தொழிற்பாடு பாதியாகும். கழிவை 80 நாள் பூட்டி வைத்தால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். காத்திருந்தால் போதும்.

உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளுக்கு அந்தக் காத்திருப்பு போதாது. அதிலுள்ள சீசியம்-137 பாதியாக 30 ஆண்டு. புளுட்டோனியம்-239 பாதியாக 24,000 ஆண்டு.

மீளப் பயன்படுத்தலாமே என்கிறார்கள் ஒரு சாரார். முடியும். கல்பாக்கத்தில் அதற்கான ஆலை 1998இல் தொடங்கியது. எரிபொருளை நைத்திரிக் அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரிக்கிறார்கள். நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இவை இரண்டும்தான். எஞ்சும் கொடிய கழிவைக் கண்ணாடியோடு உருக்கி உறைய வைக்கிறார்கள். பிரான்சும் இவ்வாறே செய்கிறது.

மற்றச் சாரார் அஞ்சுவதிலும் நியாயமுண்டு. பிரித்தெடுத்த புளுட்டோனியம் குண்டுக்கும் உதவும். இந்தியாவின் 1974ஆம் ஆண்டுப் பரிசோதனை அதைக் காட்டியது. அதோடு, அந்தக் கண்ணாடிக் கட்டிகளையும் எங்கேயாவது ஆழப் புதைத்தாக வேண்டும்.

எங்கே? 2012இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. அவ்வூரார் எதிர்த்தார்கள், அப்படியொரு திட்டமில்லை என்று இந்திய அணுசக்தித் துறை மறுத்தது. 2013 மே மாதம் கூடங்குளம் நிலையத்தை அனுமதித்த இந்திய உச்ச நீதிமன்றமும், ஆழ்நிலக் களஞ்சியத்துக்கு விரைவில் ஏற்பாடு செய்யும்படி பணித்தது. கனடாவிலிருந்து வந்த சகோதரிகள் அறிவீர்கள்: அங்கே 2024இல் ஒன்ராறியோவின் இக்னேஸ் பகுதி தெரிவானது. நகரத்தாரும் வபிகூன் ஏரிப் பூர்வகுடியினரும் சம்மதம் தெரிவித்த பிறகே அந்த முடிவு வந்தது.

நமது நாட்டிலும் அணுமின் பேச்சு இருக்கிறது. 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு நமது ஆயத்தத்தை மதிப்பிட்டது. நான் அணுமின்னுக்கு எதிரியல்ல. அணுவைக் கொண்டு நோய் தீர்க்கும் தொழிலில் இருப்பவள். ஆனால் திருகோணமலை மாவட்டத்தாருக்கு மின் திட்டம் புதிதல்ல. சம்பூரில் அனல்மின் நிலையம் என்றபோது, நிலத்துக்கும் கடலுக்கும் என்ன நேரும் என்று சனங்கள் கேட்டார்கள். 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

எத்தனை மெகாவாற் என்று கேட்கும் முன், கழிவு எந்த ஊருக்குப் போகும், அந்த ஊராரைக் கேட்டீர்களா என்று கேளுங்கள். இன்று படிக்கும் தங்கைகளுக்கும் இந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுங்கள். பதில் சொல்லவேண்டிய காலத்தில் இருக்கப்போவது அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.