48 மணி நேரக் கெடு

உறுதியான தலைவர் என்றதும் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரொனால்ட் ரீகனைக் காட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் எடுக்கும் முதல் சான்று 1981 ஆகஸ்ட். அந்த மாதம் 3-ஆம் தேதி அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றே வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நிருபர்கள் முன்னால் வந்து நின்றார் ரீகன்: 48 மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். கெடு முடிந்தது. 11,345 பேரின் வேலை பறிபோனது.

அவர்கள் என்ன கேட்டார்கள்? ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பள உயர்வு. கொஞ்சம் அதிகம்தான். அதோடு வாரத்துக்கு 32 மணி நேர வேலையும் கேட்டார்கள். ரேடார் திரையில் ஊரும் ஒவ்வொரு புள்ளியும் நூறு இருநூறு உயிர். அங்கே அசந்துபோகிறவனுக்கு ஓய்வு கேட்பது பேராசையா?

கூத்து என்னவென்றால், 1980 தேர்தலில் இந்தக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கம் ஆதரித்ததே ரீகனைத்தான்! ஆள் பற்றாக்குறை, நியாயமற்ற வேலை நேரம், காலாவதியான கருவிகள் என்று அந்த அக்டோபரில் சங்கத் தலைவர் ராபர்ட் போலிக்குக் கடிதம் எழுதி, ஒத்துழைப்பதாக வாக்குக் கொடுத்தவரும் அவரே. 1960-ல் ஹாலிவுட் நடிகர் சங்கத் தலைவராக வேலைநிறுத்தம் நடத்திய அதே மனிதர்!

மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்ற சட்டத்தை மீறினார்களே என்பார்கள். மீறினார்கள், மறுக்கவில்லை. 1970-ல் சுமார் 2,00,000 தபால் ஊழியர்களும் அதே தடையைத்தான் மீறினார்கள். அப்போது ஜனாதிபதி நிக்சன். தொழிலாளர் தோழர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. நியூயார்க் தபால் நிலையங்களுக்குப் படையையே அனுப்பினார். ஆனாலும் பேச்சுவார்த்தை நடந்தது, சம்பளம் உயர்ந்தது, கூண்டோடு வேலைநீக்கம் நடக்கவில்லை.

ரீகன் காலத்தில் சங்கத்தின் அங்கீகாரமே பறிக்கப்பட்டது. ஒரு சங்க நிர்வாகியைச் சங்கிலியால் பிணைத்து இழுத்துப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில், சாலிடாரிட்டி தொழிற்சங்கம் ஒடுக்கப்பட்ட போலந்தின் மக்களுக்காக வீட்டு ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார் ஜனாதிபதி!

இந்த வேலைநீக்கத்தைப் பார்த்துத் தனியார் முதலாளிகளுக்குத் துணிச்சல் வந்தது. 1983-ல் அரிசோனாவில் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் தாமிரச் சுரங்க நிறுவனம் வேலைநிறுத்தக்காரர்களின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆட்களை அமர்த்தியது. 1979-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய வேலைநிறுத்தங்கள் 235. 2009-ல் வெறும் 5. ரீகன் மட்டுமே காரணமல்ல, ஆலைகள் வெளிநாடு போனதும் சேர்ந்துதான்.

நீக்கப்பட்டவர்கள் மீண்டும் அதே வேலையில் சேர இருந்த தடையை விலக்க 1993-ல் கிளின்டன் வரவேண்டியிருந்தது. 1998-ல் வாஷிங்டன் தேசிய விமான நிலையத்துக்கு ரீகன் பெயரைச் சூட்டினார்கள். அங்கே கோபுரத்தில் வேலை பார்க்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கு இன்றைக்கும் வேலைநிறுத்த உரிமை கிடையாது.