கீறலுக்கு என்ன விலை?

1970களில் எடி வான் ஹேலனுக்கு ஸ்ட்ராட் வடிவமும் வேணும், கிப்சனோட கனமான சத்தமும் வேணும். கடையில அப்படி ஒண்ணு இல்லை. 50 டாலருக்கு பாடி, 80 டாலருக்கு நெக் வாங்கினார். கிப்சன் ஹம்பக்கர் ஒண்ணை அதுல மாட்டினார். ஹம்பக்கர்ல ரெண்டு காயில். ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிச்சிடும். டிஸ்டார்ஷனை ஏத்தினாலும் சத்தம் சுத்தமா இருக்கும்.

2007இல் ஃபெண்டர் அந்தக் கிட்டாரைக் கீறல் உட்பட நகலெடுத்தது. விலை 25,000 டாலர்!

இப்போ அதே கோடு போட்ட கிட்டார் கம்மி விலையிலும் வருது. நானும் கார்ட்ல போட்டிருந்தேன். நேத்து எடுத்துட்டேன். நாம காசு கொடுக்கிறது அவர் போட்ட கீறலுக்கு. அவர் செஞ்சதோ, கிட்டாரைத் திறந்து பார்த்தது. சால்டரிங் அயர்ன் வாங்கியாச்சு. என் பழைய கிட்டார்ல பிக்கப் மாத்தப்போறேன். கை சுட்டுச்சான்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.