பெற்றோர் உள்ள ‘அநாதைகள்’



குழந்தை வளர்ப்பையும் வர்க்கத்தையும் பற்றிப் பேச ஆய்வாளர்கள் பிள்ளைச்சாவடியில் கூடியிருப்பது பொருத்தம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இந்த மீனவ ஊர், படித்தவர்கள் எடுக்கும் முடிவுகளுக்கு விலை கொடுத்துப் பழகியது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த இந்தக் கரைக்கு மணல் வரவில்லை. கடல் உள்ளே வந்தது, வீடுகள் போயின. வரைபடம் போட்டவர்களின் வாசலுக்கு அலை வரவில்லை.

கருத்துகளிலும் இப்படி அடுத்தவர் விலை கொடுக்கும் வகை உண்டு. லாஸ் ஏஞ்சலீஸில் வளர்ப்புக் குடும்பங்களுக்கிடையே மாறி மாறி வளர்ந்து, விமானப்படையில் சேர்ந்து, பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர் ராப் ஹென்டர்சன். ஒருவருக்குச் சமூகத்தில் மதிப்பைத் தந்து, அதற்கான செலவை அடித்தட்டின் தலையில் கட்டும் கருத்துகளுக்கு அவர் 2019இல் ‘ஆடம்பர நம்பிக்கைகள்’ என்று பெயர் வைத்தார். திருமணமும் குடும்பமும் பழங்கதை என்று யேலில் பேசியவர்கள், நிலையான குடும்பத்தில் வளர்ந்தவர்களாகவே இருந்ததை அவர் கவனித்தார்.

நம் ஊர் மேல்தட்டின் நம்பிக்கை இதற்கு நேர் எதிர். இங்கே குடும்பம் கோயில். தன் குடும்பம் மட்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ‘ஹோம்’ என்கிற குழந்தைகள் இல்லம் போதும். பிறந்தநாள் வந்தால் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு, ஒரு கேக், வரிசையில் நிற்கும் குழந்தைகளோடு ஒரு படம். கொடுக்கிறவர்கள் நல்லவர்களே. அந்த வரிசையில் நிற்பவர்கள் யார் பிள்ளைகள் என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

2020இல் கொரோனா அதைக் கேட்டது. தொற்றுக்கு முன் நாடு முழுவதும் இல்லங்களில் இருந்தவர்கள் சுமார் 2.27 லட்சம் குழந்தைகள் என்றும், அவர்களில் 1.45 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டுவிட்டார்கள் என்றும் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அநாதை என்று ஊர் நினைத்துச் சோறு போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் போய்ச் சேர ஒரு வீடு இருந்தது! அப்பன் இறந்து அம்மா வேலைக்குப் போன வீடு, குடியில் மூழ்கிய வீடு, பள்ளிக்கூடம் எட்டாத வீடு. “சோறும் படிப்பும் கிடைக்கும்னுதான் விட்டேன்” என்பது இல்ல வாசல்களில் பழகிப்போன வாக்கியம். அந்தச் சோற்றுக்கும் படிப்புக்கும் ஆகிற பணத்தை அம்மாவின் கையில் கொடுத்தால் என்ன? கேட்டால், “அவங்க குடிச்சே அழிச்சிடுவாங்க” என்று பதில் வரும். சொல்பவருக்கு ஒரு காசும் செலவில்லாத நம்பிக்கை இது.

பிள்ளையை வெளியூரில் விட்டு வளர்ப்பது பணக்கார வீட்டிலும் உண்டு. ஊட்டி லவ்டேலின் லாரன்ஸ் பள்ளி 1858இல் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான புகலிடமாகத் தொடங்கியது. இன்று அது வசதியானவர்களின் விடுதிப் பள்ளி. அங்கே அனுப்புவதற்குப் பெயர் கல்வி. இங்கே இல்லத்தில் சேர்ப்பதற்குப் பெயர் மீட்பு. விடுமுறைக்கு வீடு திரும்பும் உரிமை விடுதிப் பள்ளிப் பிள்ளைக்குக் கேட்காமலே கிடைக்கிறது.

இல்லம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று ருமேனியாவில் இருக்கிறது. புக்கரெஸ்டில் 2000களின் தொடக்கத்தில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் தேறியது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே சாலையில் வடக்கே இருக்கும் மாமல்லபுரத்தில், காப்பகங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக எழுந்த புகார் 2007இல் உச்ச நீதிமன்ற வழக்கானது. தீர்ப்பு வர 2017 மே ஆனது. வழக்கு தொடங்கியபோது எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது பதினெட்டு.

அரசுகள் மெதுவாகவேனும் கற்றுக்கொள்கின்றன. 2004 சுனாமிக்குப் பின், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் இல்லங்கள் திறந்தது. பிள்ளை கடத்தலுக்கு அஞ்சிய நேரம். குறை சொல்ல முடியாது. 2021இல் கொரோனாவால் இரு பெற்றோரையும் இழந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையோடு, உறவினர் வீட்டில் வளர்ந்தால் 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாய் என்று அதே அரசு அறிவித்தது. பாட்டி வீடும் சித்தி வீடும் அரசுக் கணக்கில் ஏறப் பதினாறு ஆண்டுகளும் இரண்டு பேரிடர்களும் தேவைப்பட்டன.

சட்டம் ஏற்கெனவே தெளிவாகத்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. வளர்ப்புப் பராமரிப்புக்கும், சொந்த வீட்டில் வளர்வதற்கான நிதி ஆதரவுக்கும் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. மணமாகாதவர்களும் பிள்ளையை வளர்க்கலாம் என்று 2024 வழிகாட்டுதல் கதவைத் திறந்துவிட்டது. சிக்கல் வருமான வரம்பில். கிராமத்தில் நிதி ஆதரவு பெற, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 6,000. கூடை சுமந்து மீன் விற்று அதற்குமேல் கொஞ்சம் சம்பாதிக்கும் ஒரு தாய்க்கு நிதி ஆதரவு இல்லை. அவள் பிள்ளைக்கு இல்லத்தில் இடம் கிடைக்கலாம். இந்த வரம்பை விதித்தவர்கள் மாதம் 6,000 ரூபாயில் ஒரு பிள்ளையை வளர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கே கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்கள் ஒவ்வொரு இல்லத்திலும் இரண்டு கணக்குகளைக் கேட்டுவாங்க வேண்டும்: எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது. பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்கியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனியார் பங்களிப்போடு நிதி ஆதரவு தரவும் மிஷன் வாத்சல்யாவில் வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் அதைக் கேளுங்கள். பணம் பிள்ளையின் சொந்த வீட்டுக்கே போகட்டும்.