பானையின் வயதும் நம் குடிசையின் வயதும்

(தாராவியில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் அமைப்புச் செயலாளர் ஆற்றிய உரை)



மே விடுமுறையில் ஊருக்குப் போனபோது குடும்பத்தோடு கீழடி அருங்காட்சியகம் பார்த்து வந்தேன். மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தூரம், 2023 மார்ச்சில் திறந்தார்கள். அங்கே என் மகள் கேட்டாள்: "அப்பா, இதுக்கெல்லாம் 2600 வயசுங்கறாங்களே, அதை யாரு பார்த்தா?"

நல்ல கேள்வி. மேடையில் நாம் பேசுகிற பழம்பெருமை ஒவ்வொன்றையும் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

ரயில்வேயில் அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டில் தேதி குத்திக் கொடுப்போம். பானையில் தேதி குத்தியவர் எவருமில்லை. ஆகவே இரண்டு சாட்சிகளைத் தேடுகிறார்கள்.

முதல் சாட்சி மண். நம் வீட்டுத் தரையைத் தோண்டிப் பாருங்கள். மேலே டைல்ஸ், அதன் கீழே சிமெண்ட், அதற்கும் கீழே ஷாபாத் கல், அடியிலே சதுப்பை மூட நம் பெரியவர்கள் கொட்டிய மண். அடியில் கிடப்பது முந்தியது. ஆனால் எலி வளை தோண்டினால் மேலே உள்ளது கீழே போய்விடும். அதனால் இந்த ஒரு சாட்சி மட்டும் போதாது.

இரண்டாவது சாட்சி கரித்துண்டு. மரமும் நெல்லும் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்கின்றன. அதில் கார்பன்-14 என்ற வகை கொஞ்சம் உண்டு. உயிர் போனபின் வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் கரையும். 5730 ஆண்டில் பாதி, இன்னொரு 5730 ஆண்டில் அதிலும் பாதி. மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். அமெரிக்க அறிஞர் லிப்பி கண்ட முறை இது. 1960-ல் நோபல் பரிசு பெற்றார்.

கவனியுங்கள், தோழர்களே! சுட்ட பானையை இப்படி நேராக அளப்பதில்லை; கூடக் கிடந்த கரியைத்தான் அளக்கிறார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்று வந்தது. 2019-ல் அறிக்கை வெளியானது. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். இவை சோதித்துச் சொன்ன எண்கள். இதற்குமேல் நாமாக ஆயிரம் பத்தாயிரம் கூட்டிச் சொன்னால், உண்மையான எண்ணையும் பிறர் நம்பமாட்டார்கள்.

ஆதாரம் கையில் இருந்தும் பயனில்லாமல் போவதுண்டு. ஆதிச்சநல்லூரில் 2004 வாக்கில் தோண்டி எடுத்தவற்றின் வயது, நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு, 2019-ல்தான் வெளியே வந்தது: கி.மு. 905, கி.மு. 696. கேட்டவர்கள் இருந்ததால் வந்தது!

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நம் குடிசைக்கும் வயது கேட்கிறார்கள். தாராவி மறுகுடியமைப்பில் 1.1.2000-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிரூபிப்பவருக்குத்தான் இங்கேயே இலவச வீடு. அதற்குப்பின் 1.1.2011 வரை வந்தவருக்கு வெளியே, அதுவும் பணம் கட்டி. ஒரு காகிதத்தின் தேதியில் ஒரு குடும்பத்தின் வாழ்வு நிற்கிறது.

எங்கள் சந்தில் ஓர் அக்கா. இங்கே வந்து நாற்பது ஆண்டாகிறது. 2005 ஜூலை 26 வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு காகிதமெல்லாம் போயிற்று. "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் விடவில்லை. பழைய வாக்காளர் பட்டியலில் அவர் பெயரைத் தேடி எடுத்தோம். மகனின் பள்ளிப் பதிவேட்டில் இதே முகவரி. மண்ணும் கரியும் போல இரண்டு சாட்சி. மனு மறுபடி போயிருக்கிறது, முடிவு வரவில்லை.

எனவே தாய்மார்களே, ரேஷன் கார்டு, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எதையும் பழையது என்று எறியாதீர்கள். ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆண்டுவாரியாக அடுக்கி, நகலெடுத்துத் தருகிறோம். காகிதமே இல்லாதவர்களும் வாருங்கள், சேர்ந்து தேடுவோம்.

ஊருக்குப் போனால் பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துப் போங்கள். அங்கே பானை ஓட்டில் ஆதன் என்று ஒரு பெயர் கீறியிருக்கிறது. அந்தப் பெயர் இத்தனை காலம் நின்றது. நம் பெயரும் பட்டியலில் நிற்க வேண்டும். அதற்கு நாம்தான் உழைக்க வேண்டும்.